அறிவித்தல் வாசிக்கிற குரல்

அந்த அறையின் யன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. ஏனென்று யதுஷாவுக்குத் தெரியும், இங்கே வருகிற ஆட்கள் என்னவும் செய்துபோடுவார்கள் என்ற பயம், ஆனால் யூலை மாத வெக்கையில் அப்படி ஒன்றும் செய்ய நினைக்காத ஆட்களும் சேர்ந்துதான் அவிய வேண்டியிருக்கிறது, அதைப் பற்றி ஒருத்தரும் யோசித்ததாய்த் தெரியவில்லை. மேசையில் ரிஷ்யூப் பெட்டி. முதல் ரிஷ்யூக் கடதாசியைப் பாதி இழுத்து விட்டிருந்தார்கள், வா வந்து அழு என்று கூப்பிடுகிற மாதிரி. சுவரில் ஒரு கடற்கரைப் படம். சுவிஸில் கடலே இல்லை, பிறகேன் மனம் சரியில்லாத ஆட்கள் வருகிற எல்லா அறையிலும் கடலைக் கொழுவி வைக்கிறார்கள். அம்மா கடல் பார்த்து வளர்ந்த மனுசி, முல்லைத்தீவில் வீட்டுப் படலையைத் திறந்தால் மணல், அந்த மணலில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவ என்னென்ன பார்த்தாவோ, ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது அந்தப் படத்துக்கு நேரே கதிரையைப் போட்டு இருத்தி வைத்திருக்கிறார்கள், மனுசி அமைதியாகட்டும் என்று. சமூகசேவகி ஃபிரவ் லூத்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் இருந்து தண்ணீர் குடித்தாள், போத்தலுக்குள் வெள்ளரிக்காய்த் துண்டுகள் ஊறி வெளிறிப்போய் மிதந்தன, ஆஸ்பத்திரியில் போத்தலுக்குள் போட்டு வைக்கிற சாமான்கள் மாதிரி. நல்ல மனுசிதான் லூத்தி. நல்ல மனுசி என்பதும் அருவருப்பாக இருந்தது. அவளுடைய கால்விரல் நகங்களுக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருந்தாள், கணினியில் அம்மாவின் பெயரைத் தவமலர் என்று எழுத்தெழுத்தாய் வாசித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று சிரித்தாள். இது மூன்றாவது சந்திப்பு. மூன்றோடு முடிவெடுப்பார்கள். ஒன்றில் அம்மாவுக்குப் பகல் கிளினிக்கில் ஒரு இடம், கிழமைக்கு ஐந்து நாள், காலை எட்டேகாலில் இருந்து பின்னேரம் நாலு மணி வரை, இல்லாவிட்டால் கோப்பை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இடம் கிடைத்தால் யதுஷா திங்கட்கிழமை பெயின்ற் அடிக்கிற கொம்பனியில் வேலை பழகப் போவாள். கிடைக்காவிட்டால் மாசியில் இருந்து இருக்கிற மாதிரியே வீட்டில், திரை இழுத்த அறையில், அம்மாவோடு. முதலாளி ஸ்டெஃபான் ஏற்கெனவே ஒருதரம் நாள் தள்ளித் தந்துவிட்டான். திங்கள் வா, இல்லையென்றால் வராதே என்று எழுதியிருந்தான், கீழே ஒரு சிரிக்கிற மூஞ்சையும் போட்டு.

அம்மாவில் பச்சை அப்பிள் மணந்தது. அது ஷம்பு. அந்த மணத்தை முகரும்போதெல்லாம் காலமை பாத்றூமில் நடந்தது திரும்பத் திரும்ப வந்து முகத்தில் அடித்தது. ஐந்து மாதம் அம்மா தலையில் தண்ணீர் வார்க்கவில்லை. துவாயை நனைத்துக் கழுத்தையும் கையையும் துடைப்பா, சில நாள் அதுவும் இல்லை, தலைமயிர் பின்பக்கம் ஒரு பாய்த்துண்டு மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது, தலையணை உறையில் மஞ்சளாய் ஒரு வட்டம், அதைக் கழற்றித் தோய்க்கப் போட்டால் அடுத்த கிழமை அதே இடத்தில் அதே வட்டம். அப்பா அதைக் காணாதவர் மாதிரி வேலைக்குப் போய் வருவார். உணவகக் குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிற மனுசனுக்கு மூக்கு வேலை செய்யாதாம். ஆனால் காலமை அப்பாதான் சொன்னார், டொக்ரரிட்டப் போறதெண்டால் குளிச்சு வெளிக்கிட்டுப் போக வேணும், இப்பிடியே கூட்டிக்கொண்டு போனால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம். எங்களைப் பற்றி. யதுஷாவும் ஓம் என்றாள், அவளுக்கும் வெட்கம், பஸ்ஸில் ஆட்கள் எழும்பி வேற இடத்தில் போய் இருந்ததை அவள் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். அம்மாவைப் பாத்றூமுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டி, ஷவரைத் திறந்து, தலையைப் பிடித்துக் கீழே அமத்தி, அம்மா முதலில் வேண்டாம் என்று சொன்னா, பிறகு கையால் தள்ளினா, பிறகு சத்தமே போடாமல் குனிந்து நின்றா, தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. முடிச்சு விழுந்த மயிரைக் கத்திரிக்கோலால் வெட்டி எறிய வேண்டியிருந்தது. ஈரமான அந்த மயிர்க் கட்டியைக் குப்பையில் போடுகிறபோது யதுஷா பெற்ற தாயின் மேல் இப்படியும் அருவருப்பு வருமா என்று நினைத்தாள், வருகிறது, நன்றாகவே வருகிறது, அதில் ஒரு சந்தேகமும் இல்லை. பிறகு நீலச் சுடிதார், தாலிக்கொடி, முகத்துக்குப் பவுடர், நெற்றியில் பொட்டு. கண்ணாடியில் பார்த்தால் கலியாண வீட்டுக்குப் போகிற மனுசி. இப்போது அந்தக் கலியாண வீட்டு மனுசியைப் பார்த்துத்தான் ஃபிரவ் லூத்தி கணினியில் தட்டினாள், வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினாள், டொச்சில், ஜேர்மன் மொழியில், சுத்தமாக, நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார், தன்னைப் பராமரிக்கிறார். கடவுளே, நானே துடைச்சு அழிச்சுப்போட்டன். ஐந்து மாதமாய் அம்மாவின் தலையில் இருந்த ஒரேயொரு சாட்சியை அவள் தன் கையாலேயே பச்சை அப்பிள் ஷம்பு போட்டுக் கழுவிக் குழாய்க்குள் விட்டிருக்கிறாள்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், அது ஒரு ஆறுதல். போன இரண்டு தரமும் யதுஷாதான் மொழிபெயர்த்தாள். இந்தமுறை மாட்டேன் என்று அவளே ரெலிபோன் எடுத்துச் சொன்னாள், உங்களுக்குத் தமிழ் ஆள் வேணுமெண்டால் நீங்கள் பிடியுங்கோ, நான் மகள், நான் மிசின் இல்லை. ஒன்பது வயதில் இருந்து மிசினாக இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடக் கூட்டம், வீட்டுக்காரனின் கடிதம், சோசியல் அலுவலகம், ஒருக்கால் பொம்பிளைகளின் டொக்ரரிடம், அம்மா திரைக்குப் பின்னால் படுத்திருக்க, திரைக்கு இந்தப் பக்கம் பாடசாலைப் பையோடு நின்று யதுஷா கேட்டாள், அம்மா, எத்தனை நாளா ரத்தம் போகுதாம், கட்டியாப் போகுதா எண்டு கேக்கினம். டொச்சில் அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாது, கையால் காட்டினாள். அந்த டொக்ரர் அவளுக்கு ஒரு இனிப்புத் தந்தான். அந்த இனிப்பின் சுவை, ரோசா நிறம், நாக்கில் ஒட்டும், இன்றைக்கும் எங்கேயாவது அந்த நிறத்தைக் கண்டால் வாய் புளிக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாதத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, வாத்தி கேட்டான், உனக்கு என்ன வருத்தம் என்று, அம்மாவுக்கு என்றாள், அப்ப ஏன் நீ வரேல்லை என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. எல்லாத்துக்கும் அலுப்பாக இருந்தது. கடைசி வருசம் மற்றப் பெட்டைகள் எல்லாம் வேலை பழக இடம் தேடி எழுதிப் போட்டார்கள், அவள் அப்பாவுக்கு வதிவிட அனுமதி புதுப்பிக்க எழுதிப் போட்டாள். வாத்தி கடைசி நாள் கை குலுக்கி, உனக்கு மொழி நன்றாக வருகிறது, ஏதாவது அந்தப் பக்கம் பார் என்றான். அவனுடைய கை ஈரமாக இருந்தது. மொழியும் மண்ணாங்கட்டியும். சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஒருத்தரோடும் கதைக்கத் தேவையில்லை, வெள்ளை என்றால் வெள்ளை, முதல் பூச்சுக் காய்ந்தால் இரண்டாம் பூச்சு, சுவர் உன்னைப் பார்த்து, என்ன சொல்லுறா அம்மா, வடிவாச் சொல்லு என்று கேட்காது.

மேசையில் இருந்த கறுப்பு ரெலிபோனில் லூத்தி ஒரு பொத்தானை அமத்தினாள். மூன்று தரம் மணி அடித்தது. பிறகு அந்தக் குரல். முதலில் டொச்சில், நல்ல டொச், ஒவ்வொரு சொல்லையும் ஸ்திரி போட்ட மாதிரி, தான் மொழிபெயர்ப்புச் சேவையில் நாற்பத்தேழாம் இலக்கம், பெயர் சொல்ல மாட்டேன், சொல்லப்படுவதை அப்படியே சொல்வேன், அவர் நான் என்றால் நானும் நான் என்றே சொல்வேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். பிறகு தமிழில். "வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். இதில கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது. நீங்கள் பயப்பிடாமல் கதைக்கலாம்."

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. ஐந்து மாதமாய்க் கூனிக்கிடந்த முதுகு, யாரோ பின்னால் இருந்து கயிற்றால் இழுத்த மாதிரி நிமிர்ந்தது. சுடிதார்ச் சால்வையை இழுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டா.

"யது," என்று குனிந்து காதுக்குள் சொன்னா. "இது மரண அறிவித்தல் வாசிக்கிற பொடியனெல்லே."

"எந்தப் பொடியன்?"

"சனிக்கிழமை றேடியோவில வாசிக்கிறவர். அவர்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியாமலா?"

"பேசாம இருங்கோம்மா. அவருக்குக் கேக்குது."

பொடியனுக்கு எப்படியும் அறுபது வயது இருக்கும். ஸ்பீக்கருக்குள் ஒரு செருமல் கேட்டது. அம்மா இப்போது என்ன சொன்னார் என்று லூத்தி கேட்டாள். கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்ற நாற்பத்தேழாம் இலக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு, சத்தம் தெளிவாகக் கேட்கிறதா என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்றது. யதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது.

அவரேதான். யதுஷாவுக்கும் இப்போது பிடிபட்டுவிட்டது, அந்த மூக்கால் வருகிற கனம், ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் மெதுவாகக் கீழே இறக்கி வைக்கிற விதம், இந்த நாட்டில் தமிழ் தெரிந்து டொச்சும் வடிவாகத் தெரிந்த பழைய ஆட்கள் எத்தனை பேர், அதே ஏழெட்டுப் பேர்தான், அவர்களே கோயில் திருவிழாவுக்கு மைக் பிடிப்பார்கள், அவர்களே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுப்பார்கள், அவர்களே றேடியோ, அவர்களே இங்கே. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. குசினியில் றேடியோ, அம்மா வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தா, யதுஷா மேசையில் இருந்து ரெலிபோன் நோண்டிக்கொண்டிருந்தாள். முல்லைத்தீவைப் பிறப்பிடமாகவும் வவுனியாவை வதிவிடமாகவும் கொண்ட நாகமுத்து சிவஞானசோதி அவர்கள் கடந்த வியாழக்கிழமை இறைபதம் எய்தினார் என்று அந்தக் குரல் சொன்னது, அன்னார், என்று ஆறுதலாகத் தொடங்கி, காலஞ்சென்ற ஆட்களை எல்லாம் முடித்துவிட்டு, சுவிஸில் வசிக்கும் தவமலரின் பாசமிகு சகோதரரும் ஆவார் என்றது. அம்மா கரண்டியோடு திரும்பி யதுஷாவைப் பார்த்தா. பெயரைக் கூப்பிட்டதற்கு, என்ன என்று கேட்கிற பார்வை. அவ்வளவுதான். வாழைக்காய் கருகுகிற மணம். அப்பாவுக்கு வியாழக்கிழமையே வவுனியாவில் இருந்து அழைப்பு வந்திருந்தது. மறைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு, பக்கத்தில நாலு பேரைக் கூப்பிட்டு வைச்சு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு நினைச்சனான் என்றார் பிறகு, எங்கட ஆக்கள் அப்படித்தானே செய்வார்கள், செத்தவனைச் சாகாதவன் மாதிரி இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கும், உரித்துக்காரிக்கு மட்டும் தெரியாது, அவ தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டு திரிவா. அறிவித்தல் கொடுத்தது வவுனியாவில் இருக்கிற அம்மாவின் மச்சாள். அப்பாவுக்கு றேடியோ ஞாபகம் வரவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன். அந்த அகதி அனுமதியோடு அம்மா அங்கே போகவும் ஏலாது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அன்ரி வந்து, எழும்பித் தோயுங்கோ தவம், செத்தவீட்டுச் செய்தி கேட்டால் தோய வேணும் என்று சொன்னா. பிறகு குளிக்கிறன் என்றா அம்மா. பிறகு, பிறகு என்று ஐந்து மாதம்.

"அம்மா, நித்திரை எப்பிடி எண்டு கேக்கினம்," என்றது குரல்.

"நல்லாக் கொள்ளுறன் தம்பி."

குரல் டொச்சில் சொன்னது, நான் நன்றாகத் தூங்குகிறேன். லூத்தி தட்டினாள். இரவு முழுக்க அம்மா வீட்டு நடைபாதையில் சுவரோடு சாய்ந்து குந்தியிருப்பா, பாத்றூமுக்குப் போகிற வழியில் யதுஷா கால் தடக்கி விழுந்திருக்கிறாள்.

"சாப்பாடு?"

"சமைச்சுச் சாப்பிடுறம். ஒரு குறையும் இல்லை."

யார் சமைக்கிறது. யார். நான் தினமும் சாப்பிடுகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அறுபது வயது ஆம்பிளைக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது, நான் நான் என்று, அம்மாவின் வாய்க்குள் அந்த ஆள் ஏறி இருந்துகொண்டு கதைக்கிற மாதிரி, பார்க்கச் சகிக்கவில்லை. அம்மாவோ பெரிய இடத்துச் சம்பந்தம் பேச வந்த ஆட்களுக்கு முன்னால் இருக்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தா, அந்தச் சிரிப்பு, முன்பல் இரண்டும் மட்டும் தெரிகிற சிரிப்பு, யதுஷாவுக்கு அதைக் கையால் துடைத்து எறிய வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை றேடியோக்காரனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தால் கோயிலுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரியும், தவமலருக்கு விசராம். வெளியில் போகாதாம். வெளியில் போகாது என்று சொல்லிச் சொல்லித்தானே எங்கட எல்லாக் கதையும் வெளியில் போயிருக்கிறது. நான்தான் ஆள் கேட்டன், யதுஷா நினைத்தாள், நான்தான் மிசின் இல்லை எண்டு வாய் காட்டினன், இப்ப பார், வந்திருக்கிற மிசினை. இந்தமுறையும் நானே இருந்திருந்தால். ஆனால் போனதரம் அவளே இருந்தாள், அப்போதும் இதே கதைதான், அப்பா வாசலில் வைத்துச் சொல்லி அனுப்பினார், மூட்டு வலி எண்டு சொல்லு, களைப்பு எண்டு சொல்லு, மற்றது ஒண்டும் சொல்லாதை, பிறகு உன்னை இழுத்துக்கொண்டு போய் வேற இடத்தில வைப்பாங்கள். அவள் அப்படியே சொன்னாள். அம்மா அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னா. அம்மா அன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லை, காத்துக்கூடப் பிடிக்கேல்லை என்று சொன்னா. யதுஷா அதை டொச்சில், அம்மாவுக்கு இங்கத்தைய காலநிலை ஒத்துவரவில்லை என்று சொன்னாள். எவ்வளவு வடிவாகச் சொன்னாள். மொழி நன்றாக வருகிறது, ஏதாவது அந்தப் பக்கம் பார்.

லூத்தி கைகளை மடித்து மேசையில் வைத்தாள். அந்தக் கை மடிப்பை யதுஷாவுக்குத் தெரியும், சின்னனில் இருந்து அலுவலகங்களில் பார்த்து வருகிறாள், அது முடிக்கிற கை. "எனக்கு மகிழ்ச்சி," என்றாள் லூத்தி, குரல் அதைத் தமிழாக்கியது, "எங்களுக்கும் சந்தோசம் அம்மா." நித்திரை நல்லது, சாப்பாடு நல்லது, தோற்றம் நல்லது, போன இரண்டு சந்திப்பிலும் மகள் மூலமாக உடல்வலி, களைப்பு, காலநிலை என்றுதான் பதிந்திருக்கிறது. பகல் கிளினிக்கில் இடம் மிகக் குறைவு. இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிற ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆகவே. ஆகவே என்ற சொல்லில் லூத்தி கொஞ்சம் நின்றாள், குரலும் நின்றது, அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினா, நன்றி என்று டொச்சில் தானே சொன்னா, அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சொல். இன்னும் அரை நிமிடம். பிறகு கை குலுக்கல், லிப்ட், பஸ், வீடு, திரை. திங்கட்கிழமை, அதற்கடுத்த திங்கட்கிழமை. ஸ்டெஃபானின் கொம்பனியில் வேற ஒரு பெட்டை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு ஏணியில் நிற்பாள். அது நான் இல்லை, நான் இருபத்தைந்து வயதிலும் இந்த மயிரைக் கழுவிக்கொண்டிருப்பன், முப்பதிலும், அம்மா என்னைப் பார்த்து இப்படியே பல்லைக் காட்டுவா. அம்மாவுக்காகத்தான் கதைக்கப் போகிறேன் என்று தன்னைத்தானே ஏமாற்ற அவளுக்கு ஏலவில்லை. அந்த ஏணிக்காகத்தான்.

"பொய்," என்றாள் யதுஷா. டொச்சில். "எல்லாம் பொய்."

லூத்தி நிமிர்ந்தாள். "போனதரம் நீங்கள்தானே சொன்னீர்கள்."

"போனதரம் நான் சொன்னதும் பொய். அவ ஐந்து மாதமாய்த் தலை கழுவவில்லை. இன்றைக்குக் காலமை நான் பிடித்து அமத்திக் கழுவினேன், பவுடரும் நான்தான் பூசிவிட்டேன். தலைமயிரை வெட்டி எறிந்தேன். அவவுக்கு மணக்கும். பஸ்ஸில் ஆட்கள் எழும்பிப் போவார்கள். இரவில் படுக்கிறதில்லை, நடைபாதையில் இருக்கிறா. நான் ஊட்டாவிட்டால் சாப்பிடமாட்டா, சில நேரம் வாயில் வைத்ததையே விழுங்க மறந்து போவா, நான் விரலை விட்டு எடுக்க வேணும். எனக்கு அருவருப்பாயிருக்கு. எனக்குப் பதினேழு வயது. எனக்கு ஏலாது."

ரெலிபோன் அதைத் தமிழாக்கவில்லை. பிறகு லூத்தி மெதுவாகச் சொன்னாள், அறையில் பேசுவது எல்லாவற்றையும் அம்மாவுக்கும் சொல்ல வேண்டும், அதுதான் விதி, தயவுசெய்து மொழிபெயர்க்கவும். யதுஷா அதை யோசிக்கவேயில்லை. டொச்சில் சொன்னால் டொச்சுக்குள்ளேயே கிடக்கும் என்று இத்தனை வருசமும் நம்பி வந்திருக்கிறாள்.

"அம்மா," என்றது குரல். செருமியது. "மகள் சொல்லுறா… உங்களுக்குக் கொஞ்சம் உடம்புக்கு ஏலாமல் இருக்காம். தன்னால தனியப் பார்க்கக் கஷ்டமா இருக்காம்."

"மாமா," என்றாள் யதுஷா தமிழில், ரெலிபோனைப் பார்த்து. "நான் அதைச் சொல்லேல்லை. நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

"பிள்ளை, அது பெத்த தாய்."

"கூட்டவும் மாட்டன் குறைக்கவும் மாட்டன் எண்டுதானே சொன்னனீங்கள். சனிக்கிழமை மட்டும் ஒண்டும் குறைக்காமல் வாசிக்கிறீங்கள்."

பிறகு அவர் சொன்னார். நான் என்று சொன்னார், விதிப்படி, யதுஷாவாக மாறி, இறந்தவர்களின் பெயர் வாசிக்கிற அதே இறக்கிவைக்கிற குரலில், நான் காலமை அம்மாவைப் பிடிச்சு அமத்தித் தலை கழுவினன், அம்மாவுக்கு மணக்கும், அம்மா படுக்கிறேல்லை, எனக்கு அருவருப்பாயிருக்கு, எனக்கு ஏலாது. ஒரு சொல் விடவில்லை. தான் சொன்னதையே தமிழில் கேட்கிறபோது யதுஷாவின் காது சுட்டது, டொச்சில் அது முறைப்பாடு, தமிழில் அது வேற என்னவோ. அம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் கிடந்தது, எடுத்து வைக்க மறந்துபோன சாமான் மாதிரி. பிறகு போய்விட்டது. அம்மா யதுஷாவைப் பார்க்கவில்லை. ரெலிபோனைப் பார்த்தா.

"தம்பி. அண்ணை செத்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னனீங்கள்."

குரல் அதை டொச்சில் சொல்லத் தொடங்கி, நான் என்று வைத்து, நின்று, மன்னிக்கவும், இவர் என்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்றது. எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாத மனுசனின் தடுமாற்றம். லூத்தி பேனையைக் கீழே வைத்தாள். சொல்லுங்கள், என்றாள்.

"மாசி மாசம். வாழைக்காய் பொரிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் வாசிச்சீங்கள். செத்தவீட்டுச் செய்தி கேட்டால் தோய வேணும், தோய்ஞ்சால் அதோட முடிஞ்சுது. நான் தோயேல்லை. தோயாமல் இருக்குமட்டும் அண்ணை வவுனியாவில இருக்கிறார் எண்டு வைச்சிருந்தனான். எனக்கு விசரில்லை, அவர் செத்தது எனக்கு வடிவாத் தெரியும். ஆனால் வைச்சிருந்தனான். என்னட்டை வேற என்ன கிடக்கு. இண்டைக்குக் காலமை இவள் ஊத்திப்போட்டாள்." ஒரு மூச்சு எடுத்தா. "இவளிலை பிழையில்லை. இவள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

குரல் மொழிபெயர்த்தது. நான் குளிக்காமல் இருந்தேன், ஏனென்றால், என்று அந்த ஆம்பிளைக் குரல் ஸ்திரி போட்ட டொச்சில் தொடங்கி, பாதியில் கசங்கி, திரும்பத் தொடங்கி, ஒருமாதிரி முடித்தது. யதுஷாவுக்கு டொச் கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டாள், இரண்டாந்தரமும் அது அதேதான். மயிர்க்கட்டி குப்பைப் பைக்குள் கிடக்கும், வீட்டில், வாழைப்பழத் தோலுக்கு மேல். அருவருப்பு போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது மற்றப் பக்கம் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

லூத்தி அவளிடம், நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஒன்பது வயதில் இருந்து ஒருத்தரும் அவளை வெளியே இருக்கச் சொன்னதில்லை. நடைபாதையில் பிளாஸ்ரிக் கதிரை, தண்ணீர் மிசின், பத்து மொழியில் ஒரு விளம்பரம், உங்கள் மனநலம் எங்கள் அக்கறை என்று தமிழிலும் எழுதியிருந்தது, யாரோ தமிழ் வரியை மட்டும் நகத்தால் சுரண்டியிருந்தார்கள். எதிரே ஒரு கிழவன் வாயைத் திறந்துவைத்து உறங்கினான், அவனுடைய காலுறையில் ஒரு ஓட்டை. கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. சொல் விளங்கவில்லை, ஓசை மட்டும், நீளமாக, நிறுத்தாமல், பிறகு ஆம்பிளைக் குரல் குறைவாக, பிறகு திரும்ப அம்மா. இவ்வளவு கதையை இந்த மனுசி எங்கே வைத்திருந்தா. யதுஷா காதை வைத்துக் கேட்க எழும்பினாள், பிறகு அந்த எழும்பலே கேவலமாகத் தோன்றி இருந்தாள், பிறகும் கழுத்தை நீட்டினாள். றேடியோக்காரன் சனிக்கிழமை வாசிக்கிறபோது இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வருமா. கோயிலில் அம்மாவைக் கண்டால் தெரியாத மாதிரிப் போவானா. போகட்டும். சொல்லித் திரியட்டும். ஏணியில் நிற்கிறவளுக்குக் கோயிலில் என்ன வேலை. ஆனால் அம்மாவுக்கு வேறு எங்கே போக இருக்கிறது. அரை மணித்தியாலம். கிழவன் எழும்பினான், அவளைப் பார்த்துத் தலையசைத்தான், திரும்ப உறங்கினான்.

கதவு திறந்தது. உள்ளே வரலாம் என்றாள் லூத்தி. அம்மாவின் பவுடர் கன்னத்தில் கோடு கோடாய்க் கரைந்திருந்தது, ரிஷ்யூ ஒன்றும் எடுத்ததாய்த் தெரியவில்லை. இடம் இருக்கிறது. திங்கட்கிழமை எட்டேகால். யார் கூட்டிக்கொண்டு வருவீர்கள் என்று லூத்தி கேட்டாள், கண் யதுஷாவில் இருந்தது. யதுஷா வாயைத் திறந்தாள். நான் என்று சொல்வதா, எனக்கு வேலை என்று சொல்வதா என்று அவளுக்கே தெரியாது.

"தம்பி, சொல்லுங்கோ," என்றா அம்மா ரெலிபோனுக்கு. "பிள்ளைக்குத் திங்கள் வேலை தொடங்குது. நான் தனிய வருவன். அவள் வரத் தேவையில்லை."

திங்கட்கிழமை பற்றி யதுஷா அம்மாவிடம் மூன்று தரம் சொல்லியிருந்தாள், மூன்று தரமும் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. குரல் அதை டொச்சில் சொன்னது. என் மகள் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறாள். நான் தனியாக வருவேன். அவள் வரத் தேவையில்லை. லூத்தி தட்டினாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இலக்கம் என்று ஒரு பெட்டி, அதில் ஏற்கெனவே யதுஷாவின் இலக்கம்தான் இருந்தது, இதுவே இருக்கட்டுமா என்று கேட்டாள். குரல் தமிழில் கேட்டு முடிக்கமுதல் அம்மா இல்லை என்று தலையாட்டினா. பிறகு டொச்சில், தானே, அப்பாவின் ரெலிபோன் இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினா. பூச்சியம். ஏழு. ஒவ்வொன்றாக, விரலை மடித்து மடித்து, நாலாவதில் பிழைத்துவிட்டது, அம்மாவுக்கே தெரிந்துவிட்டது, திரும்ப முதலில் இருந்து. ரெலிபோனுக்குள் அந்த மனுசனுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. லூத்தி விரல்களை விசைகளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யதுஷாவுக்கு அந்த இலக்கம் நித்திரையிலும் தெரியும். ஆறாவதில் திரும்பப் பிழைத்தது. யதுஷா நாக்கைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா மூன்றாந்தரம் பூச்சியத்தில் இருந்து தொடங்கினா.